கிளே சுட்ட குக்கரும் சாத்திய ஜன்னலும்

எங்கள் வீட்டில் அம்மனுக்கே சாம்பிராணியை மொட்டை மாடியில் வைத்துத்தான் காட்டுவோம். காரணம் என் வீட்டுக்காரரின் நெஞ்சு. இளவயதிலிருந்து தேனியில் பஞ்சு மில் வேலை பார்த்தவர். அந்தத் தூசி உள்ளே போய்க் குடியேறிவிட்டது. நாலு படி ஏறினால் இழுப்பு வரும். வீட்டில் கொசுவர்த்தி கிடையாது, ஊதுபத்தி கிடையாது. மிளகாய் வறுப்பதென்றால் அவரைத் தெருவுக்கு அனுப்பிவிட்டுத்தான் சட்டியை அடுப்பில் வைப்பேன். "ஏத்தா, மிளகா வறுக்கணும்னா முன்னாடியே சொல்லு, ஒரு டீயக் குடிச்சிட்டு வர்றேன்" என்று அவரே சட்டையை மாட்டிக்கொள்வார்.

அப்படிப் பொத்திப் பொத்தி வைத்திருந்த மனிதரை, ஒரு சித்திரை மாதத்து மத்தியானத்தில், என் வீட்டு அடுப்பிலேயே விஷப்புகையைக் கிளப்பி, ஜன்னல்களையும் சாத்தி, மூச்சுத் திணற வைத்தோம். சாத்தியது நான். இதை எழுதும்போதும் எனக்குக் கோபம் அடங்கவில்லை. யார் யார் மேல் கோபம் என்பதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். என் பேரும் அந்த வரிசையில் உண்டு.

எங்களுக்குப் பழனிசெட்டிபட்டியில் சின்ன வீடு. மகனுக்குத் திருப்பூரில் வேலை. மருமகள் கம்பத்துப் பிள்ளை, எங்களோடு இருக்கிறாள். சும்மா இருக்க மாட்டாள். பாலிமர் கிளே என்று ஒன்று, கலர் கலராக வரும், சப்பாத்தி மாவு பதத்தில் இருக்கும். அதை உருட்டித் தட்டி கம்மல், லோலாக்கு, சாவிக் கொத்தில் தொங்கவிடுகிற பொம்மை எல்லாம் செய்வாள். செய்ததைச் சூடு காட்டி எடுத்தால் கெட்டியாகிவிடும். கீழே போட்டாலும் உடையாது. அவள் செய்கிற மல்லிகை மொட்டுக் கம்மலைப் பார்த்தால் மோந்து பார்க்கத் தோன்றும். அத்தனை கைவாகு.

இதைச் சுடுவதற்கு மின்சார அடுப்பு வேண்டும், ஓடிஜி என்பார்கள். எங்களிடம் அது இல்லை. அவள் செல்போனில் ஒரு வகுப்பில் சேர்ந்து படித்தாள். பாடம் எடுத்த மேடம் எந்த ஊர் என்றுகூடத் தெரியாது. முகத்தில் சிரிப்பு மாறாது. "ஓடிஜி இல்லையா, கவலையே வேண்டாம் சிஸ்டர்ஸ். குக்கர்ல கேக் சுடுவோம்ல, அதே மாதிரிதான். அடியில உப்பப் பரப்பி, கேஸ்கட்டையும் வெயிட்டையும் எடுத்துட்டு, சிம்ல அரை மணி நேரம். அவ்ளோதான்" என்று சொன்னதை நானும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். குக்கரில் உப்புப் போட்டுக் கேக் சுடுகிறது எங்களுக்குப் புதிதா என்ன? மகன் கல்யாணத்துக்கு முன்னால் அவன் பிறந்த நாளுக்கு நானே சுட்டிருக்கிறேன். "அட, இம்புட்டுத்தானா" என்று என் பழைய குக்கரை நானே எடுத்துக் கொடுத்தேன்.

கிளே வாங்கியதும் அந்த மேடத்திடம்தான். பெரிய கட்டியை வாங்கி வெட்டி, வெறும் பாலிதீன் கவரில் போட்டு அனுப்புவார்கள். கம்பெனி அட்டை கிடையாது. எத்தனை டிகிரியில் சுட வேண்டும், அதற்கு மேல் போனால் என்ன ஆகும் என்று அட்டையில் அச்சடித்திருந்ததெல்லாம் அவர்கள் வீட்டுக் குப்பைத் தொட்டிக்குப் போய்விட்டது. இரண்டு மூன்று தடவை சின்னக் கம்மல்களைச் சுட்டாள். ஒன்றிரண்டு ஓரத்தில் பழுப்பேறியது. லேசாக ஒரு நெடி வந்தது. ஜன்னல் திறந்திருந்ததால் காற்றோடு போனது. அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

சித்திரை பிறந்தது. வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழா எங்கள் பக்கத்துக்கெல்லாம் பெரிய திருவிழா. வெளியூர் போனவர்கள் எல்லாரும் அந்த எட்டு நாளுக்கு வந்து சேர்ந்துவிடுவார்கள். வர முடியாதவர்கள் மனசு இங்கே கிடக்கும். அப்படிப்பட்டவர்களுக்கென்று மருமகள் ஒன்று கண்டுபிடித்தாள். ஆயிரங்கண் பானை நேர்த்திக்கடன் செலுத்துவார்கள், உடம்பெல்லாம் துளையிட்ட மண்பானை. அதைக் கட்டைவிரல் உயரத்தில் கிளேயில் செய்து, பின்னால் காந்தம் ஒட்டினாள். ஃப்ரிஜ்ஜில் ஒட்டி வைத்துக்கொள்ளலாம். திருப்பூர், சென்னை, பெங்களூர் என்று ஆர்டர் வந்தது. ஒவ்வொரு துளையையும் ஊசியால் குத்துவாள். குத்தும்போது வாய் தன்னால் "ஆத்தா, தாயே" என்று சொல்லிக்கொண்டிருக்கும். நான் பார்த்திருக்கிறேன். பின்னால் வந்து இதை விளையாட்டு என்று சொன்னார்களே, அவர்கள் பார்க்கவில்லை.

அந்த வருஷம் நான் அக்கினிச்சட்டி எடுப்பதாக நேர்ந்திருந்தேன். வீட்டுக்காரரின் மூச்சு நல்லபடியாக இருக்க வேண்டும் என்றுதான் நேர்த்தி. காப்புக் கட்டியாயிற்று. காப்புக் கட்டினால் எங்கள் வீட்டு வழக்கம் ஒன்று உண்டு. வீட்டில் தாளிக்கக் கூடாது, வறுக்கக் கூடாது. எண்ணெய்ச் சட்டியே அடுப்பில் ஏறாது. நம் வீட்டில் செய்யாதது மட்டும் போதாது, அடுத்த வீட்டுத் தாளிப்பு வாடையும் உள்ளே வரக் கூடாது என்பார்கள் எங்கள் குடும்பத்தில். அம்மன் வந்து இருக்கிற வீடு, அவளுக்கு அந்தக் காந்தல் ஆகாது.

அன்றைக்குப் பதினொன்றரை மணி இருக்கும். மருமகள் முப்பது பானையைத் தட்டில் அடுக்கி, உப்பின் மேல் வைத்து, குக்கரை மூடி, தீயைக் குறைத்துவிட்டு, செல்போனில் மணி வைத்துவிட்டு, முன்கட்டில் உட்கார்ந்து அடுத்த பானைகளுக்குத் துளை குத்திக்கொண்டிருந்தாள். கம்மலை விட இது கனம், அதனால் இன்னும் கால் மணி நேரம் கூட வைக்கலாம் என்று மேடம் சொல்லியிருந்தார்கள். வீட்டுக்காரர் காலையிலேயே கஞ்சி குடித்துவிட்டு, அடுப்படியை ஒட்டின அறையில் ஃபேனைப் போட்டுப் படுத்துத் தூங்கிவிட்டார்.

நான் பூக்கட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டிலிருந்து கருவாட்டு வாசம் வந்தது. உத்தமபாளையத்திலிருந்து குடிவந்த பிள்ளை, அவள் வீட்டுக்காரர் ஆட்டோ ஓட்டுகிறார். அவள் வீட்டில் அவள் வறுக்கிறாள், அவளைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் எனக்குக் கையில் காப்பு. எழுந்து போய் அடுப்படி ஜன்னலைச் சாத்தினேன். பின்வாசல் கதவைச் சாத்தினேன். மேலே புகைபோகிற ஓட்டையில் ஈரத்துணியைச் சுருட்டி அடைத்தேன். அடுப்பில் குக்கர் இருந்ததைப் பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் வந்தேன். கேக் சுடும்போது ஜன்னலைத் திறந்தா வைக்கிறோம்?

கொஞ்ச நேரம் கழித்து ஒரு நெடி மூக்கில் ஏறியது. காரம் மாதிரி, கண்ணைக் கடிக்கிற நெடி. எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? கருவாட்டோடு மிளகாயையும் சேர்த்து வறுக்கிறாள் போல என்று. இத்தனை சாத்தியும் உள்ளே வருகிறதே என்று ஆத்திரப்பட்டேன். மறுபடி எழுந்து போய் வீட்டுக்காரர் படுத்திருந்த அறையின் தெருப்பக்கத்து ஜன்னலையும் இழுத்துச் சாத்தினேன். ஒரு கதவு பொருந்தாமல் நின்றது. அதையும் தள்ளிக் கொக்கி மாட்டினேன். அவர் நல்ல தூக்கத்தில் இருந்தார். போர்வை விலகியிருந்தது, இழுத்து விட்டேன். அவருக்கு வந்த காற்றை அடைத்துவிட்டுப் போர்வையைச் சரிசெய்தேன். இந்த ஒரு காரியத்தை நினைக்கும்போது என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

இருமல் சத்தம் கேட்டபோது முதலில் வழக்கமான இருமல் என்றே நினைத்தேன். அது நிற்கவில்லை. மருமகள்தான் முதலில் எழுந்தாள். "அத்தை, என்ன இப்பிடி எரியுது கண்ணு?" என்று அடுப்படிக் கதவைத் திறந்தாள். உள்ளே பனி மூட்டம் மாதிரி வெள்ளையாக நின்றது. மூக்கிலும் தொண்டையிலும் அமிலத்தை ஊற்றினாற்போல. அவள் அடுப்பை அணைத்தாள். அதோடு விட்டிருக்கலாம். பதற்றத்தில் குக்கர் மூடியையும் திறந்துவிட்டாள். அதுவரை உள்ளே இருந்த மிச்சப் புகையும் முகத்தில் அடித்துவிட்டு நேரே அந்த அறைக்குள் போனது. ஃபேன் அதை வாங்கி அறை முழுக்கப் பரப்பியது.

"மாமா! மாமா!" என்று அவள் அலறினாள். அவர் கட்டிலில் உட்கார்ந்து இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு வாயைத் திறந்து திறந்து மூடினார். சத்தம் வரவில்லை. உதடு நிறம் மாறிவிட்டது. இழுப்புக்கு உறிஞ்சுகிற மருந்துப் பம்பை எடுத்து அவர் வாயில் வைத்தேன். இழுக்க மூச்சு இருந்தால்தானே மருந்து உள்ளே போகும்? நானும் அவளும் ஆளுக்கொரு கையைப் பிடித்துத் தெருவுக்கு இழுத்து வந்தோம். எங்கள் சத்தம் கேட்டு, கருவாடு வறுத்துக்கொண்டிருந்த பிள்ளை கரண்டியோடு ஓடி வந்தாள்.

"அக்கா, என்னக்கா, அண்ணனுக்கு என்னாச்சு?"

"மூச்சு வரலடி!"

அவள் கேள்வி கேட்டு நிற்கவில்லை. சாப்பாட்டுக்கு வந்திருந்த தன் வீட்டுக்காரரைக் கைகழுவக்கூட விடாமல் ஆட்டோவை எடுக்கச் சொன்னாள். ஆட்டோவுக்குள் கருவாட்டு வாசம்தான். அந்த வாசத்தில்தான் தேனி ஆஸ்பத்திரி வரைக்கும் போனோம். வழியெல்லாம் நான் அவர் நெஞ்சைப் பார்த்துக்கொண்டே போனேன். ஏறுகிறதா, இறங்குகிறதா, ஏறுகிறதா.

ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்தார்கள், ஊசி போட்டார்கள், மாஸ்க்கில் மருந்து வைத்தார்கள். ஒரு மணி நேரம் கழித்து இளவயது டாக்டர் ஒருவர் வெளியே வந்தார்.

"வீட்டுல என்ன எரிச்சீங்க?"

"எரிக்கல சார், சுட்டோம். கிளே" என்றாள் மருமகள்.

"களிமண்ணா?"

"பாலிமர் கிளே சார்."

அவர் தலையில் கைவைத்தார். "அது பிளாஸ்டிக்மா. தண்ணிக் குழாய் செய்றாங்கல்ல, அந்த ஜாதி. சரியான சூட்டுல சுட்டா ஒண்ணும் பண்ணாது. கருகிடுச்சுன்னா அதுலருந்து வர்றது ஆசிட் புகை. நல்ல நெஞ்சுக்கே தாங்காது. வீசிங் இருக்கற மனுஷன உள்ள வச்சு இதப் பண்ணீங்களா? ஜன்னலாவது தெறந்திருந்துச்சா?"

மருமகள் என்னைப் பார்க்கவில்லை. அவளுக்குத் தெரியும், ஆனால் சொல்லவில்லை. "நாந்தான் சாத்துனேன் சார்" என்றேன்.

இரண்டு நாள் ஆஸ்பத்திரி வாசம். இரண்டாம் நாள் என் நாத்தனார் பெரியகுளத்திலிருந்து வந்தார்கள். தம்பி மேல் உயிர். அழுதார்கள், நெற்றியில் திருநீறு பூசினார்கள். அப்புறம் வராந்தாவில் வந்து உட்கார்ந்து ஆரம்பித்தார்கள்.

"ஏத்தா, நான் சொல்றேன்னு கோவிச்சுக்கிறாத. காப்புக் கட்டுன வீடு. அதுல அம்மனோட பானைய வெளையாட்டுச் சாமானாச் செஞ்சு அடுப்புல சுட்டா, ஆத்தா சும்மா இருப்பாளா? அவ கோவந்தான் இது. எங்க பக்கத்துப் பூசாரிகிட்டயும் கேட்டுட்டேன், அப்பிடித்தான் சொன்னாக. இந்தப் பிள்ள போய் கோயில்ல தப்புக் காணிக்கை கட்டிட்டு, இந்தத் தொழில இத்தோட தலைமுழுகணும்."

மருமகள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. நாத்தனார் விடவில்லை. "கம்பத்துக்காரி வந்தா கரண்டியப் பிடிப்பான்னு பார்த்தா, கம்மலச் சுடுறா, மாமனாரையும் சேத்துச் சுடப் பாத்தா."

எனக்கு எங்கிருந்து அத்தனை சத்தம் வந்தது என்று தெரியவில்லை. நர்ஸ் எட்டிப் பார்த்தாள்.

"மதினி, ஒண்ணு கேக்குறேன். கண்ணு போன ராசாவுக்குக் கண்ணக் குடுத்தவன்னு சொல்லித்தான அந்த ஆத்தாவக் கும்புடுறோம்? அவளா வந்து எங்க வீட்டு மனுசன் குரவளையப் பிடிச்சு அமுக்குனா? அந்தப் பழிய அவ தலையில போடாதீக. ஜன்னலச் சாத்துனது இந்தக் கை. குக்கர எடுத்துக் குடுத்ததும் இந்தக் கை. தீ கூடிப் போச்சு, பிளாஸ்டிக் கருகிப் போச்சு, புகை போக வழியில்லாமப் போச்சு. இதுல ஆத்தா எங்கன வந்தா?"

"சாமியப் பத்தி வராண்டாவுல நின்னு இப்பிடிப் பேசுறியே..."

"சாமியப் பத்தித் தப்பாப் பேசுறது நீக. காணிக்கையக் கட்டிட்டு வந்து மறுபடியும் அதே குக்கர்ல, அதே மாதிரி சாத்திக்கிட்டுச் சுட்டா, ஆத்தா வந்து ஜன்னலத் தெறந்து விடுவாளா? என்னத்தத் தப்புப் பண்ணோம்னு தெரியாம காணிக்கை கட்டி என்ன செய்ய?"

நாத்தனார் மூன்று மாதம் என்னோடு பேசவில்லை. பரவாயில்லை. இப்போது பேசுகிறார்கள். ஆனால் அன்றைக்குப் பேசியதில் ஒரு சொல்லையும் நான் திருப்பி எடுக்கவில்லை. சாமி மேல் பழியைப் போட்டுவிட்டால் மனுஷர் தப்பித்துக்கொள்ளலாம், அவ்வளவுதான் விஷயம்.

தப்பித்துக்கொண்டவர்களில் முதல் ஆள் அந்த மேடம். மருமகள் ஆஸ்பத்திரியிலிருந்தே நடந்ததைப் பேசி அனுப்பினாள். "மத்தவங்களுக்கும் சொல்லுங்க மேடம், குக்கர் முறையை எடுத்துடுங்க" என்று கெஞ்சினாள். பதில் வந்தது. "நீங்க ஃப்ளேமைக் கூட வச்சிருப்பீங்க சிஸ்டர். நம்ம குரூப்புல இதுவரைக்கும் யாருமே கம்ப்ளைண்ட் பண்ணினது இல்ல. நெகட்டிவா பேசாதீங்க." அப்புறம் குழுவிலிருந்து இவளை நீக்கிவிட்டார்கள். ஒரு வார்த்தை, மாமனார் எப்படி இருக்கிறார் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்கு வேகமாகப் படிக்க வராது, எட்டாவது வரைதான் பள்ளிக்கூடம். இருந்தாலும் அந்தப் பதிலை இருபது தடவை படித்தேன்.

சிம்மில்தான் வைத்திருந்தாள். நான் கண்ணால் பார்த்தேன். கேஸ் அடுப்பின் சிம் எத்தனை டிகிரி என்று அந்த மேடத்துக்குத் தெரியுமா? உப்பு சூட்டைப் பிடித்து வைத்துக்கொண்டு ஏறிக்கொண்டே போகும். கேக்குக்கு அது ஆகும், மாவில் ஈரம் இருக்கிறது. இதற்கு ஆகாது. இதையெல்லாம் பாடம் எடுக்கிறவர்கள் முதலில் சொல்லியிருக்க வேண்டாமா?

வீட்டுக்கு வந்ததும் அந்தக் குக்கரைப் பார்த்தேன். உள்ளே பானைகள் எல்லாம் உருகி, கொப்புளித்து, கரிந்து ஒட்டிக் கிடந்தன. மருமகள் தேய்த்துக் கழுவப் பார்த்தாள். பிடுங்கினேன். இனி அதில் சோறு வைக்க முடியாது. தூக்கிப் போட்டால் பழைய இரும்புக்காரன் எடுத்துப் போவான், யாராவது தேய்த்து எடுத்துப் பருப்பு வேக வைப்பார்கள். கொல்லையில் வைத்து, ஆணியும் சுத்தியலும் எடுத்து அடியில் ஓட்டை போட்டேன். ஒன்று போதும், நாலு போட்டேன். வீட்டுக்காரர் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏத்தா, அது என்ன பண்ணுச்சு ஒன்னய?"

"நீங்க பேசாம மூச்ச விடுங்க."

"விட்டுட்டுத்தான் இருக்கேன்" என்றார். அந்தச் சிரிப்புக்கே அவருக்கு இரண்டு தடவை இருமல் வந்தது.

டாக்டர் சொல்லிவிட்டார், நெஞ்சு பழைய நிலைக்கு வர நாளாகும், முழுசாக வருமா என்று சொல்ல முடியாது. பம்பு முன்பு ஒரு வேளை, இப்போது இரண்டு வேளை. அக்கினிச்சட்டி அன்றைக்கு அவரால் கூட வர முடியவில்லை. கூட்டத்தோடு சட்டியைத் தூக்கிக்கொண்டு வீரபாண்டிக்கு நடந்தேன். சுற்றிலும் மேளம், குலவை, புகை. சந்நிதிக்கு முன்னால் நின்றபோது வேறு எதுவும் கேட்கவில்லை. "தாயே, நீ செய்யாததை உன் பேரில் எழுதினாக. நான் எழுதல. அவரு மூச்ச மட்டும் பாத்துக்க, மிச்சத்த நான் பாத்துக்குறேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மிச்சத்தைப் பார்த்துக்கொண்டோம். மகன் போனில் "அந்தச் சனியனையே விட்டுரச் சொல்லுங்கம்மா" என்றான். மருமகளும் விடத் தயாராகத்தான் இருந்தாள். கிளே பெட்டியைக் கட்டிப் பரணில் போட்டுவிட்டாள். இறக்கச் சொன்னது நான். அந்தக் கைகளைச் சும்மா வைத்துக்கொள்ளச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. தப்பு கிளேயில் இல்லை, கைகளிலும் இல்லை. ஆனால் கண்டிஷன் போட்டேன். அவள் ராத்திரி பகலாகப் படித்தாள். இந்தத் தடவை சிரித்த முகத்தைப் பார்த்துப் படிக்கவில்லை. கம்பெனியே அச்சடித்த அட்டையோடு கிளே வாங்கி, அதில் போட்டிருந்ததை வரி வரியாக எனக்கு வாசித்துக் காட்டினாள்.

ஓடிஜி ஒன்று வாங்கினோம். அது அடுப்படிக்கு வரவில்லை. மொட்டை மாடியில் தகரம் போட்ட சாய்ப்பு இருக்கிறது, மூன்று பக்கமும் காற்று. அங்கேதான் வைத்தோம். அதில் ரொட்டி, கேக் எதுவும் சுடக் கூடாது, கிளேக்கென்றே ஒதுக்கிவிட்டோம். நாங்கள் வாங்குகிற கிளேக்கு நூற்று முப்பது டிகிரி. வேறு கம்பெனிக்கு வேறு சூடு, அட்டையைப் பார்க்காமல் சுடக் கூடாது. திருகுகிற குமிழில் நூற்று முப்பது வைத்தால் போதும் என்றுதான் நினைத்தோம். உள்ளே வைக்கிற சூடு பார்க்கும் கருவி ஒன்று தனியாக வாங்கி வைத்துப் பார்த்தால், குமிழ் நூற்று முப்பதில் நிற்கிறது, உள்ளே நூற்று அறுபதுக்குப் பக்கம் ஏறி நிற்கிறது! புது அடுப்பு. கடையில் சிரித்துக்கொண்டே கட்டிக் கொடுத்தார்கள். அன்றைக்கும் எனக்குக் கோபம் வந்தது. கருவி இல்லாமல் நம்பிச் சுட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? குமிழை எங்கே நிறுத்தினால் உள்ளே நூற்று முப்பது என்று மூன்று நாள் வெறும் அடுப்பைப் போட்டுப் பார்த்து, நெயில் பாலிஷால் அடையாளம் வைத்தாள்.

முதலில் வெறும் அடுப்பு கால் மணி நேரம் சூடாகும். கருவியின் முள் அசையாமல் நின்ற பிறகுதான் சாமானை வைப்பாள். தரைக்குப் பதிக்கிற டைல்ஸ் ஓட்டின் மேல் வெள்ளைக் காகிதம், அதன் மேல் பானைகள். மேலே அலுமினியத் தாளைக் கூடாரம் மாதிரி மூடுவாள், மேல்கம்பியின் சூடு நேரே பட்டால் கருகும். கனத்துக்குத் தக்கபடி அட்டையில் சொன்ன நேரம். ஒருவர் அங்கேயே இருக்க வேண்டும். போன் பார்க்கக் கூடாது, முள்ளைத்தான் பார்க்க வேண்டும். கண்ணைக் கடிக்கிற நெடி வந்தாலோ, நிறம் மாறினாலோ, சுவிட்சை அணைத்துவிட்டு, கதவைத் திறக்காமல், கீழே இறங்கிவிட வேண்டும். அன்றைக்கு மாதிரித் திறந்து பார்க்கிற வேலையே வேண்டாம். ஆறின பிறகு பார்த்துக்கொள்ளலாம். அப்புறம் கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். இத்தனையும் அட்டையிலும் கம்பெனிக் குறிப்பிலும் இருக்கிற விஷயம்தான். ரகசியம் ஒன்றும் இல்லை. சொல்லக் கடமைப்பட்டவர்கள் சொல்லவில்லை.

சுடுகிற நாளில் வீட்டுக்காரர் பக்கத்து வீட்டு வாசலில் போய் உட்கார்ந்துகொள்வார். ஆட்டோக்காரர் வீட்டில் அவருக்கென்று ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. "அண்ணன் வந்தாச்சா? இன்னிக்கு உங்க வீட்டுல சூளை போலருக்கு" என்று அந்தப் பிள்ளை கேலி பண்ணுவாள்.

முதல் தடவை மாடியில் சுட்ட அன்றைக்கு, எல்லாம் ஆறின பிறகு அவர் வந்தார். வாசலிலேயே நின்றார். நானும் மருமகளும் அவர் முகத்தையே பார்த்தோம். மூக்கை உறிஞ்சினார். இன்னொரு தடவை உறிஞ்சினார்.

"ஒரு வாடையும் இல்லையே. சுட்டீகளா, இல்ல மாடியில உக்காந்து கத பேசுனீகளா?"

மருமகள் ஒரு பானையைக் கொண்டுவந்து அவர் கையில் வைத்தாள். அழுதுவிட்டாள். அவர் அதை நகத்தால் தட்டிப் பார்த்து, "நல்லாக் கெட்டியா இருக்கே" என்றார்.

இங்கே கதையை முடித்திருக்கலாம். எனக்கு முடியவில்லை. போன மாதம் மருமகள் செல்போனைக் கொண்டுவந்து காட்டினாள். அதே மேடம், அதே சிரிப்பு, புது வீடியோ. "ஓடிஜி இல்லாம ஈஸியா." அதே குக்கர், அதே உப்பு. கீழே ஒரு பெண் கேட்டிருந்தாள்: "மேடம், எங்க அப்பாவுக்கு ஆஸ்துமா இருக்கு, வீட்டுக்குள்ள செய்யலாமா?" அதற்கு மேடம் போட்டிருந்த பதில் ஒரு சிவப்பு இதயம். அவ்வளவுதான். ஒரு சொல் இல்லை.

"எழுதுடி" என்றேன். "நான் சொல்றத அப்பிடியே எழுது." செய்யக் கூடாது, எங்கள் வீட்டில் இப்படி நடந்தது என்று எழுதினாள். மேடம் அழித்துவிட்டார்கள். மறுபடி எழுதினோம், மறுபடி அழித்தார்கள். மூன்றாம் தடவை அழிப்பதற்குள் அந்தப் பெண்ணின் கண்ணில் பட்டிருக்கிறது. அவளே மருமகளுக்குத் தனியாகக் கேட்டு அனுப்பினாள்: "அக்கா, ஜன்னலத் திறந்து வச்சா போதுமா? நாளைக்குச் சுடணும், ஆர்டர் இருக்கு."

"போதாதுன்னு போடு" என்றேன். "குக்கரே வேணாம்னு போடு. ஓடிஜி இருக்கறவுக வீட்டுல, மாடியிலயோ கொல்லையிலயோ, சூடு பாக்குற கருவியோட சுடச் சொல்லு. அதுவரைக்கும் ஆர்டர் கெடக்கட்டும்னு போடு." மருமகள் எழுதிக்கொண்டே போனாள். டிகிரி, நேரம், ஓடு, காகிதம், தாள் எல்லாம் எழுதினாள். நீளமாகப் போய்விட்டது. அனுப்பப் போகும்போது, கட்டிலில் சாய்ந்து மருந்தை இழுத்துக்கொண்டிருந்த வீட்டுக்காரர் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார். மருந்து உள்ளே போகும்வரை மூச்சை அடக்கியிருந்து, மெதுவாக விட்டார்.

"அதெல்லாம் இருக்கட்டும்த்தா. மொதல்ல அவுக அப்பாவ வெளிய உக்காரச் சொல்லு. அத மொத வரியில போடு."

மருமகள் எழுதியதை எல்லாம் கீழே தள்ளிவிட்டு, அதை முதல் வரியில் போட்டு அனுப்பினாள்.